பதில் வராத குட் மார்னிங்

என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சில்லறை இல்லை என்று இழுத்தால்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குட் மார்னிங் சொல்லாமல் ஏறினால் மட்டும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இது என் ஒருவனுடைய வியாதி இல்லை. பெர்முடாவில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடைக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் முதலில் குட் மார்னிங், பிறகுதான் வந்த காரியம். சண்டை போடப் போகிறவன்கூட வாசலில் நின்று குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான். சொல்லாவிட்டால், நியாயம் அவன் பக்கமே இருந்தாலும் ஊர் அவனோடு நிற்காது.

போன வருஷம் லண்டனிலிருந்து ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒரு பையன் காதில் எதையோ செருகிக்கொண்டு ஏறினான். யாரையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை இல்லை, நேரே போய் உட்கார்ந்துவிட்டான். முன் சீட்டில் இருந்த மிஸ் யூனிஸ் திரும்பி, "குட் மார்னிங்" என்றார். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி, "குட் மார்னிங்." மூன்றாவது தடவை அவர் எழுந்துபோய் அவன் காதிலிருந்ததைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்து, "குட் மார்னிங், தம்பி" என்றார். அன்றிலிருந்து அந்தப் பையன் ஏறும்போது சொல்கிறான், இறங்கும்போதும் சொல்கிறான், பயத்தில் சில நாள் பஸ் ஸ்டாப்பில் இருக்கிற கம்பத்துக்கும் சொல்கிறான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் திங்கட்கிழமை நடந்தது எங்களுக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரிய வேண்டும்.

என் பெயர் குவின்டன் பீன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிரேக்கை ஓங்கி மிதிக்கிறேன் என்று 'பிரேக்' என்றே கூப்பிடுவார்கள். சாமர்செட்டிலிருந்து ஹாமில்டனுக்கு ஓட்டுகிறேன். காலை நடையில் என் மனைவி வெர்னாவும் வேலைக்கு அதே பஸ்ஸில்தான் வருவாள். அவளுடைய தங்கை ஐடெல்லா அதற்கு முந்தைய ஸ்டாப்பிலேயே ஏறி இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் பிடித்துவிடுவாள், பக்கத்தில் அக்காவுக்காகக் கைப்பையை வைத்துக்கொண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வருவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வானொலி வைக்காத பஸ்ஸில் எனக்கு அதுதான் வானொலி.

அன்றும் வெர்னா ஏறினாள். "குட் மார்னிங், பிரேக்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பொதுவாக எல்லோருக்கும் ஒரு குட் மார்னிங் போட்டாள். பஸ் முழுக்கப் பதில் சொன்னது. ஐடெல்லா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "குட் மார்னிங், வெர்னா" என்றாள்.

வெர்னா நின்றாள். தங்கையைப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அப்படியே நடந்து கடைசி வரிசைக்குப் போய், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.  மிஸ் யூனிஸ் விசிறிக்கொண்டிருந்த தேவாலயத் துண்டுத்தாள் அந்தரத்தில் நின்றது. பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூடப்பிறந்தவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்ன குட் மார்னிங்குக்குப் பதில் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தியை நடுத்தெருவில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. அறைவதற்குக் கோபம் போதும், இதற்குப் போதாது.

ஐடெல்லா கொஞ்ச நேரம் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் முகம் சிவந்தது. பிறகு மெதுவாக வெளுத்தது. ஹாமில்டனில் இறங்கியதும் நடைமேடையிலேயே நின்று போனை எடுத்துக் காதில் வைத்தாள். அதையும் பார்த்தேன். வீட்டுக்காரனிடம் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வீட்டுக்காரன் டெலானோ, என் சகலை. சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு வாடகைக்கு விடுகிறவன். வாய் கிழியப் பேசுவான். டிஜிட்டல் நாணயம் வந்ததிலிருந்து அவன் வாயில் இன்னும் இரண்டு நாக்கு முளைத்துவிட்டது. முந்தின நாள், ஞாயிறு காலை, வழக்கம்போல அவன் வீட்டில்தான் எல்லோரும் உப்புக்கருவாடும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

"என்ன சகலை, இன்னும் காகிதக் காசையே எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?" என்றான் என்னிடம். "உலகம் எங்கயோ போயிடுச்சு. நீங்க இன்னும் ரெண்டாவது கியர்லயே ஓட்டுறீங்க."

"கையில பிடிக்க முடியாத காசை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? டெலானோ, நீ அதைக் கொண்டுபோய் ஒரு மீன் சாண்ட்விச் வாங்கிட்டு வா, நான் நம்புறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். டெலானோ தட்டில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய்ப்பழம் வைத்தது அவள்தான். அக்காளும் தங்கையும் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் திங்கட்கிழமை எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ராத்திரியில் என்ன வந்துவிட்டது? மாமியார் வீட்டைப் பங்கு போடுவதில் ஏதோ தகராறு என்றுதான் நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "என்ன வெர்னா, ஊரே சிரிக்குது. ஐடெல்லா உனக்கு என்ன பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல."

"பின்ன?"

"விடு, குவின்டன். கேக்காதே."

அவள் என்னைக் குவின்டன் என்று கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாய் மறுநாள் பிளந்துகொண்டது. டெலானோ திங்கட்கிழமை மத்தியானமே டொராண்டோ விமானம் ஏறிவிட்டான். பெட்டிகூட எடுக்கவில்லை. அங்கே இறங்கியவன் அதற்கப்புறம் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. ஏறுவதற்கு முன்னால் அவன் கணக்கில் இருந்த டிஜிட்டல் நாணயம் முழுக்கத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. அது அவன் பணம் இல்லை. கனடாவில் தனியாக இருக்கிற கிழவன் கிழவிகளுக்கு ஒரு கும்பல் போன் செய்து, "தாத்தா, நான்தான் உங்க பேரன், போலீஸ்ல மாட்டிக்கிட்டேன்" என்று அழுது வாங்கிய பணம். அந்தப் பணம் நாணயமாக மாறி, இங்கே வந்து, டெலானோவின் படகு வருமானம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறது. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். ஐடெல்லா போனில் அழக்கூட இல்லை. "அவர் போயிட்டாரு, பிரேக்" என்று மட்டும் சொன்னாள்.

அதே நாள் அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து வெர்னாவின் போனையும் கணினியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் மிச்சம் தெரிந்தது.

வெர்னா வேலை பார்ப்பது டிஜிட்டல் நாணயம் வாங்கி விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில். டெலானோவின் கணக்கும் அங்கேதான். அவள் வேலை காவல் வேலை. வருகிற பணம் யாருடையது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அழுக்குப் பணம் என்று சந்தேகம் வந்தால் அரசாங்கத்தின் விசாரணை அலுவலகத்துக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் கஷ்டமான பகுதி. எழுதிப் போட்டதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சம்பந்தப்பட்டவன் காதில் அது விழுந்தால், விழ வைத்தவருக்குச் சிறை. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. சொந்தக்காரர்கள் கணக்கை அவள் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். சொந்தக்காரர்களை ஒதுக்கினால் இந்தத் தீவில் பார்ப்பதற்கு ஆளே மிஞ்சாது.

வெள்ளிக்கிழமையே அவள் டெலானோவைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலேயே உட்கார்ந்து அவன் தட்டில் வெண்ணெய்ப்பழம் வைத்திருக்கிறாள்.  என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் நெஞ்சில் ஒரு மலையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மீன் சாண்ட்விச் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். வெர்னா, விசாரணை அலுவலகத்து ஹாலம் துரை, அவருக்குக் கீழே இருக்கிற சார்ஜென்ட் ஃபர்பர்ட். வியாழக்கிழமை டெலானோவைப் பிடிப்பதாக இருந்தார்களாம். திங்கட்கிழமையே ஓடிவிட்டான் என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் வெளிநாட்டுக் குழு ஒன்று பண விஷயத்தில் நம் தீவு சுத்தமா அழுக்கா என்று மார்க் போட வருகிறது. மார்க் குறைந்தால் ஒரு வங்கியும் நம்மைச் சீண்டாது. வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு குற்றவாளி வேண்டும். டெலானோ இல்லை. வெர்னா இருக்கிறாள்.

வக்கீல் அவளிடம், "வாயைத் திறக்காதீங்க, வீட்டுக்காரர்கிட்டகூட" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் திறக்கவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். நான் பரிமாறிய பட்டாணிச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவளா காட்டிக்கொடுப்பாள்? ரோட்டில் கிடந்த இருபது டாலரை எடுத்துக்கொண்டு, தொலைத்தவனைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கியவள் இவள்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் என்னையும் விசாரணை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஹாலம் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரோடு ஒத்துப்போகிறேன் என்று நாங்கள் அலுவலகத்துக்கே போட்டுக்கொண்டு போகிற அரைக்கால் சட்டை போட்டிருந்தார். ஆனால் முழங்கால் வரை இழுத்துவிட வேண்டிய காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. நான் உள்ளே போய், "குட் ஆஃப்டர்நூன்" என்றேன். சார்ஜென்ட் ஃபர்பர்ட் எழுந்து, "குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் பீன்" என்றார். ஹாலம் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான் மரியாதை.

"திங்கட்கிழமை காலையில உங்க மனைவியும் அவங்க தங்கையும் உங்க பஸ்ல வந்தாங்க. சரிதானா?"

"சரிதான் சார்."

"பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வருவாங்களாமே. என்ன பேசினாங்க?"

நான் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வெர்னாவைக் காப்பாற்ற என் கையில் ஒரு சாட்சியம் இருக்கிறது, அதைப் போட்டு உடைத்தால் போதும் என்று வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பேசினாங்களா? ஒரு வார்த்தை பேசல சார். அன்னிக்கு அவ ஐடெல்லா பக்கத்துல உக்காரவே இல்ல. கடைசி சீட்டுக்குப் போயிட்டா. ஐடெல்லாவே கூப்பிட்டு குட் மார்னிங் சொன்னா. அதுக்குக்கூட இவ பதில் சொல்லல. வேணும்னா பஸ்ல இருந்த அத்தனை பேரையும் கேளுங்க. குட் மார்னிங்கூடச் சொல்லாதவ ரகசியத்தைச் சொல்லியிருப்பாளா சார்?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி வாக்கியத்தில் என் நாக்கு தடுக்கியது. எதிரே ஃபர்பர்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

வெர்னாவின் வேலை என்ன என்று ஐடெல்லாவுக்குத் தெரியும். டெலானோ கணக்கு எந்தக் கம்பெனியில் என்றும் தெரியும். அக்கா தன் முகத்தைப் பார்த்து ஒரு குட் மார்னிங் சொல்ல முடியாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போனை எடுத்து, "வெர்னா எனக்குப் பதில் சொல்லலங்க" என்று சொன்னால் போதும். டெலானோவும் பெர்முடாக்காரன்தான். நான் என் பெண்டாட்டியைக் காப்பாற்ற வந்து, என் வாயாலேயே அவளுக்கு விலங்கு மாட்டிவிட்டேன். 

ஆனால் ஹாலம் சிரித்தார். எனக்கு நம்பவே முடியவில்லை.

"மறுபடியும் குட் மார்னிங்கா?" என்றார் ஃபர்பர்ட் பக்கம் திரும்பி. "உங்க ஊர்க்காரங்களுக்கு இதை விட்டா வேற விஷயமே இல்லையா, சார்ஜென்ட்? இவரோட மனைவியும் திங்கட்கிழமை போன் பண்ணி இதையேதான் சொன்னாங்க. தலையில ஆயிரம் வேலை எனக்கு. கனடாவோட பேசணும், வங்கியோட பேசணும். இந்தம்மா போன்ல மூச்சு வாங்கிக்கிட்டு, 'சார், நான் என் தங்கச்சிக்குக் குட் மார்னிங் சொல்லல, நீங்க உடனே விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புங்க'ன்னு சொல்றாங்க."

 நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேற என்ன சார் சொன்னாங்க?" ஃபர்பர்ட் கேட்டார். குரலில் ஒன்றும் காட்டவில்லை.

"என்னமோ அழுகை. 'அவனோட ஞாயித்துக்கிழமை முழுக்க நடிச்சேன், முடிஞ்சுது. ஆனா அவ என்னைப் பார்த்து இது நல்ல காலைன்னு சொல்றப்ப, ஆமா நல்ல காலைதான்னு என்னால சொல்ல முடியல. அவளுக்கு இனிமே எந்தக் காலையும் நல்ல காலை இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். வாய் வரல. அவளுக்குப் புரிஞ்சிருக்கும். தப்பு என்னோடதுதான், என்னை அப்புறம் விசாரிங்க, முதல்ல அவனைப் பிடிங்க'ன்னு. வேலைப் பளுவுல மனசு கலங்கியிருக்காங்கன்னு நினைச்சேன். 'குறிச்சுக்கிறேன், மேடம்'னு சொல்லி வச்சுட்டேன்."

என் மனைவியின் மனசை நான் கேட்டது இப்படித்தான். எனக்குச் சொல்லக் கூடாததை அவள் சட்டப்படி யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் அதை ஒரு நகைச்சுவைத் துணுக்கு மாதிரி எனக்கு வாசித்துக் காட்டினார். எழுந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. 

"எத்தனை மணிக்கு சார் அந்த போன்?" ஃபர்பர்ட் கேட்டார்.

"ஒன்பது இருக்கும். நீங்கதானே எனக்கு லைன் கொடுத்தீங்க."

"ஆமா சார். யாரு கூப்பிட்டாங்கன்னு தெரியும், என்ன பேசினாங்கன்னு தெரியாது." ஃபர்பர்ட் பேனாவை மூடினார். "டெலானோ போன விமானம் ஒரு மணிக்கு மேலதான் கிளம்புச்சு. ஒன்பதுக்கு அவன் வீட்டுலதான் இருந்திருப்பான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போயே அவனைப் பிடிச்சிருப்பேன்."

"எதை வச்சு? ஒரு பொம்பளை தங்கச்சிக்குக் குட் மார்னிங் சொல்லலன்னா?"

"ஆமா சார். அதை வச்சுதான்."

ஹாலம் என்னைப் பார்த்தார். பிறகு ஃபர்பர்ட்டைப் பார்த்தார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

"என் அத்தை மிஸ் யூனிஸ் அந்தப் பஸ்ல இருந்தாங்க" என்றார் ஃபர்பர்ட். "சாமர்செட்ல யாரோ செத்துட்டாங்கங்கிற மாதிரி எனக்கு போன் பண்ணாங்க. அக்கா தங்கச்சிக்குள்ள என்னமோ சண்டைன்னு நானும் விட்டுட்டேன். வெர்னாவே உங்களைக் கூப்பிட்டு இதுதான் விஷயம்னு சொல்லியிருக்காங்கன்னு இப்பதான் தெரியுது."

"அப்படின்னா..." ஹாலம் மெதுவாக இழுத்தார். "பதில் சொல்லாததே சேதி சொன்னதுக்குச் சமம்னு சொல்றீங்க. எந்த நீதிமன்றம் ஒத்துக்கும் இதை?"

"ஜூரியில உக்காரப்போற பன்னிரண்டு பேரும் இந்த ஊர்க்காரங்க சார். அவங்களுக்கு விளக்கவே வேண்டாம்."

ஹாலமின் முகத்தில் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டதை நான் பார்த்தேன். முதலில் சந்தோஷம். வெளிநாட்டுக் குழுவுக்குக் காட்ட வழக்கு கிடைத்துவிட்டது. சாட்சிக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள், போதாக்குறைக்குப் புருஷனே. அடுத்த நொடி அந்தச் சந்தோஷம் நின்றது. அவருக்கும் அந்த ஒன்பது மணி ஞாபகம் வந்துவிட்டது. அவள் தப்பு செய்தாள், அரை மணி நேரத்தில் தானே கூப்பிட்டு ஒப்புக்கொண்டாள். அதைத் திருத்த நாலு மணி நேரம் இவர் கையில் இருந்தது. கிழவர்களின் பணம் அந்த நாலு மணி நேரத்தில்தான் போனது.

அவர் கையை நீட்டி ஒலிப்பதிவை நிறுத்தினார்.

"மிஸ்டர் பீன், நீங்க ரொம்ப உதவியா இருந்தீங்க. உங்க மனைவி பதில் சொல்லலன்னு சொன்னீங்க பாருங்க, அதுவரைக்கும் போதும். மிச்சம் விசாரணைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. அதை எடுத்துடுவோம்."

"போன் பண்ணதை எடுத்துடுவீங்களா?" என்றேன்.

"எந்த போன்? என் பதிவேட்டுல அப்படி ஒரு போன் இல்லையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க போன் நம்மகிட்டதான் இருக்கு. கம்பெனியிலிருந்து இங்க தினம் பத்து தடவை கூப்பிடுவாங்க. அதுல எதுல என்ன பேசினாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

இப்படி ஒரு மனுஷன் என் முகத்துக்கு நேரே, கை நடுங்காமல், என் பெண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்ப முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. திருடனைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு என் பஸ்ஸில் கத்தியை எடுத்தவனையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் முகத்தில் வெறியாவது இருந்தது. இவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"வேண்டாமே. ஒலிப்பதிவுல உங்க குரல் இருக்கு."

நான் ஃபர்பர்ட்டைப் பார்த்தேன். வேறு யாரைப் பார்ப்பது? அவருக்கு மூன்று பிள்ளைகள், பெரியவன் இந்த வருஷம்தான் கல்லூரிக்குப் போயிருக்கிறான். ஹாலம் எழுதுகிற ஒரு வரியில் அவர் பதவி உயர்வும் போகும், வேலையும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும், என் பஸ்ஸில் போகாத குடும்பமா அது. ஃபர்பர்ட் காகிதங்களை அடுக்கினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். சுவரில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். அவ்வளவுதான், வெர்னா தொலைந்தாள் என்று நினைத்தேன். 

ஃபர்பர்ட் கதவுக்குப் போகும்போது ஹாலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு பாடம் படித்திருக்கிறார் அல்லவா, அதனாலோ, பயத்தினாலோ, அந்த அறையில் அதுவரை ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"குட் ஈவினிங், சார்ஜென்ட்."

ஃபர்பர்ட் நின்றார். திரும்பி, ஹாலமின் முகத்தை நேராகப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்து, மாடிப்படி ஏறினார். மேலே இருப்பது ஒரே ஒரு அறை. ஹாலமுக்கும் மேலே இருக்கிறவருடையது.

படி ஏறுகிற பூட்ஸ் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹாலமின் கையில் கண்ணாடி அப்படியே நின்றது. முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"மிஸ்டர் பீன்" என்றார். "அவர் ஏன் பதில் சொல்லல? அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அதை நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது சார்" என்றேன். "சொன்னா எனக்குச் சிறை."